பாட்காஸ்ட் கேட்பது, பகிர்வது, தொடங்குவது: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில் பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தவர்களும், சொந்தமாக ஒன்று தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் பாதி கேட்பவர்களுக்கு, பின்பாதி தொடங்குபவர்களுக்கு. தொடங்குபவர்கள் முதல் பாதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஜனங்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று தெரியாமல் வெளியிட்ட நிகழ்ச்சி யார் கண்ணிலும் படாது.

1. பாட்காஸ்ட்னா என்னங்க? யூடியூப்ல கேக்குறதும் இதுவும் ஒண்ணுதானே?

பாதிதான் சரி. பாட்காஸ்ட் என்பது தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி. ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் ஓர் எம்பி3 கோப்பு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, தலைப்பு என்ன, எந்தத் தேதியில் வந்தது என்ற பட்டியலுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று பெயர். நீங்கள் ஒரு நிகழ்ச்சியைப் பின்தொடர்ந்தால், உங்கள் ஆப் அந்தப் பட்டியலை அடிக்கடி போய்ப் பார்த்து, புதிய பகுதி வந்ததும் கொண்டுவந்து தருகிறது. பாட்காஸ்ட் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 2004-ல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான்.

யூடியூபில் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆடியோ ஃபீட் கிடையாது. அதனால் அந்த நிகழ்ச்சியை மற்ற பாட்காஸ்ட் ஆப்களில் எவ்வளவு தேடினாலும் வராது. பேச்சு நன்றாக இருந்தால் யூடியூபிலேயே கேளுங்கள், தப்பில்லை. “ஆப்ல தேடினேன், இல்லவே இல்ல” என்று வருகிற பல புகார்களுக்குக் காரணம் இதுதான்.

2. எந்த ஆப் போடுறது? காசு கட்டணுமா?

கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனுக்கு ஆன்டெனாபாட் என்பதையே முதலில் சொல்வோம். இலவசம், விளம்பரம் இல்லை, மெயில் ஐடி கொடுத்துக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கூடவே வருகிறது. ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அதிலேயே கேட்கலாம். பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டு வகைப் போனிலும் ஓடும்.

பழைய கட்டுரைகள் சில இன்னும் கூகுள் பாட்காஸ்ட்ஸைப் பரிந்துரைக்கின்றன. அது 2024-லேயே மூடப்பட்டுவிட்டது, தேடி அலைய வேண்டாம்.

3. அஞ்செட்டி ரோட்ல போனா டவரே இல்ல. எப்படிக் கேக்குறது?

வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை, சித்தேரி, வத்தல்மலை என்று காடும் மலையும் உள்ள வழியில் நேரடியாகக் கேட்க முயன்றால் பேச்சு நடுவில் நின்று நின்று வரும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஆப்பின் அமைப்புகளில் “தானாக இறக்கு” என்பதை இயக்கி, “வைஃபையில் மட்டும்” என்பதற்கு டிக் போடுங்கள். நிகழ்ச்சிக்கு மூன்று பகுதிகளுக்கு மேல் சேராதபடி வரம்பும் வைத்துவிட்டால் போன் நிறையாது.

வைஃபை இல்லாதவர்களும் பயப்பட வேண்டாம். பேச்சு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் 64 முதல் 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) வரைதான் இருக்கும். 64 என்றால் அரை மணி நேரத்துக்கு 14.4 எம்பி, 128 என்றால் 28.8 எம்பி. ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய்வருகிற நேரத்துக்கு நாலு பகுதி இறக்கினாலும், ஒரு நாள் டேட்டாவில் சிறு துண்டுதான் செலவாகும்.

4. தமிழ்ல தேடினா சினிமா அரட்டையும் மோட்டிவேஷனும்தான் வருது. உருப்படியா எப்படித் தேடுறது?

“தமிழ் பாட்காஸ்ட்” என்று தேடினால் அதுதான் வரும். நிகழ்ச்சியைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள், அல்லது பேசுகிற ஆளைத் தேடுங்கள். நடுகல் பற்றிக் கேட்க வேண்டுமா? அதைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர் ஒருவரின் பெயரைப் போடுங்கள். அவர் விருந்தினராகப் போன பகுதிகள் வரும், அதன் வழியே அவரை அழைத்த நிகழ்ச்சிகளும் தெரியவரும். நல்ல நிகழ்ச்சிகளைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள். ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் அடித்துப் பார்க்க வேண்டும். பலர் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆப்புக்கு வெளியே தேட லிசன் நோட்ஸ் என்ற தேடுதளம் உதவும். அதில் நிகழ்ச்சியின் பெயர் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பகுதியின் தலைப்பையும் குறிப்பையும் தேடலாம். பாட்காஸ்ட் இன்டெக்ஸ் என்பது 2020-ல் தொடங்கிய திறந்த பட்டியல். பெரிய ஆப்களில் முன்னால் வராத சிறு நிகழ்ச்சிகள் அங்கே கிடைக்கும்.

5. நல்ல பாட்காஸ்டா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? டாப் லிஸ்ட்டை நம்பலாமா?

டாப் லிஸ்ட் தரத்தைச் சொல்வதில்லை. அண்மையில் எத்தனை பேர் கேட்கிறார்கள், புதிதாகப் பின்தொடர்கிறார்கள் என்பதை ஒட்டித்தான் அது ஏறும், இறங்கும்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளைப் பற்றிய பகுதியை முதலில் கேளுங்கள். மாந்தோப்பு வைத்திருப்பவர் மா பற்றிய பகுதியையும், பட்டுப்புழு வளர்ப்பவர் மல்பெரி பற்றிய பகுதியையும் எடுக்கட்டும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு முக்கியமாகப் போவது பெங்களூரா என்கிற தோத்தாபுரி. அதைச் சொல்லாமல் எல்லாம் அல்போன்சாதான் என்று ஒருவர் அளந்துவிட்டால், அவர் சொல்லும் மற்றதையும் சந்தேகத்தோடு கேட்க வேண்டியதுதான். தெரிந்த விஷயத்தில் சரியாக இருப்பவரைத் தெரியாத விஷயத்திலும் ஓரளவு நம்பலாம். அடுத்து, நடுவில் இருந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தை யாரும் நன்றாகச் செய்துவிடுவார்கள். பேச்சு தளர்கிறதா இல்லையா என்பது நடுவில்தான் தெரியும். கடைசியாகப் பகுதி வந்த தேதியையும் பார்த்துவிடுங்கள்.

மருந்து அளவு, உர அளவு, உடம்புக்கு மருந்து என்று வந்தால் மட்டும் காதில் கேட்டதை அப்படியே செய்ய வேண்டாம். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி அல்லது எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்; உடம்புக்கென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். லிட்டருக்கு எவ்வளவு, பயிர் எந்தப் பருவத்தில் இருக்கும்போது என்ற இரண்டையும் சொல்லாமல் மருந்துப் பெயரை மட்டும் சொல்லும் நிகழ்ச்சியால் தோட்டத்துக்கு ஆபத்து.

6. நல்லதுன்னு குரூப்ல லிங்க் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. ஏன்?

வெறும் லிங்க்கையும் “சூப்பர், எல்லாரும் கேளுங்க” என்பதையும் பார்த்து யாரும் நாற்பது நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். யாருக்கு, எதற்கு, எந்த நிமிடத்திலிருந்து என்று மூன்றையும் சொல்லுங்கள். இப்படி: “மாமா, நம்ம செந்தூரா தோப்புல பூ ஏன் கொட்டுதுன்னு சொல்றாங்க. தத்துப்பூச்சியா சாம்பல் நோயான்னு பாத்துக் கண்டுபிடிக்கிற விதம் இருக்கு. 14-வது நிமிஷத்துல இருந்து ஏழு நிமிஷம் கேட்டா போதும்.” மாமா கட்டாயம் கேட்பார். இருநூறு பேர் குரூப்பில் பொதுவாகப் போடுவதைவிட, தேவைப்படுகிற இரண்டு பேருக்குத் தனியாக அனுப்புவது எவ்வளவோ மேல்.

நிமிடத்தோடு சேர்த்து லிங்க் தரும் வசதி யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. பகிரும் இடத்தில் “இந்த இடத்திலிருந்து” என்பது போன்ற பெட்டிக்கு டிக் போட வேண்டும். ஆனாலும் நிமிடத்தைக் கையாலும் எழுதிவிடுங்கள். ஆப் மாறினால் லிங்க் முதலிலிருந்தே திறக்கும். சேர்த்து வைத்திருக்கும் நிகழ்ச்சிகளை மொத்தமாக ஒருவருக்குக் கொடுக்க நினைத்தால், ஆன்டெனாபாட் போன்ற ஆப்களில் ஓபிஎம்எல் என்ற கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அவர் தன் ஆப்பில் அதை இறக்குமதி செய்தால் பட்டியல் முழுவதும் அப்படியே வந்துவிடும்.

7. அப்பாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அவருக்கு எப்படிக் குடுக்குறது?

மெமரி கார்டில் எம்பி3 கோப்புகளாகப் போட்டுக் கொடுங்கள். கோப்பின் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்கி ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் பல பட்டன் போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், எது எதென்று அவருக்குப் புரியாது. ஒரு மணி நேரப் பகுதியை இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போடுவது நல்லது. விட்ட இடத்தை நினைவு வைத்திருக்கும் வசதி அந்தப் போன்களில் பெரும்பாலும் இல்லை. வீட்டில் கேட்பதற்கு இது சரி. பத்து பேருக்கு நகல் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் நிகழ்ச்சிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

8. நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு செலவாகும்?

போனும் ஒரு கணினியும் இருந்தால் முதல் ஐந்து பகுதிகளுக்குச் செலவே வேண்டாம். பதிவு போனில், எடிட்டிங் ஆடாசிட்டி என்ற இலவசக் கணினி மென்பொருளில், வெளியீடு இலவச ஹோஸ்டிங்கில் (ஒலிக்கோப்புகளை வைத்திருந்து ஃபீடை உருவாக்கித் தரும் இணையச் சேவை). ஐந்து முடித்த பிறகும் ஆர்வம் இருந்தால் மைக் வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால் மைக் பெட்டியிலேயே இருக்கும்.

எதைப் பேசுவது என்பதற்கு இந்த இரண்டு மாவட்டங்களில் பஞ்சமில்லை. பட்டுக்கூடு அங்காடி ஏலம், புளி வியாபாரம், சாமை, கேழ்வரகு, நடுகற்கள், ஓசூர் ரோஜா, பாரதக் கூத்து என்று ஒவ்வொன்றிலும் ஒரு தொடருக்கான சரக்கு இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டும் வருகிறது. ஒரே பொருளை எடுத்து ஆழமாகப் போங்கள். “எல்லாத்தையும் பேசுவோம்” என்கிற நிகழ்ச்சியை 4-வது கேள்வியில் சொன்ன மாதிரி தேடுகிற யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

9. வீட்ல பேசினா எக்கோ அடிக்குது, வெளிய லாரி சத்தம். எங்க உக்காந்து ரெக்கார்ட் பண்றது?

எக்கோவுக்குக் காரணம் வெறும் சுவர். மைக்கை மாற்றினால் அது போகாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். முதுகுப்பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மெத்தை உள்ள சின்ன அறை, கூடத்தைவிட எப்போதும் நல்லது. மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். தகர ஷீட் கூரைக்குக் கீழே மத்தியானத்திலும் மழையிலும் பதிவு வேண்டாம். வெயிலில் ஷீட் விரிந்து “டக் டக்” என்று அடிக்கும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய வீடு என்றால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து அறையைப் பிடியுங்கள். போர் மோட்டார் ஓடும் நேரத்தையும், திருவிழா மாதங்களில் ஒலிபெருக்கி நேரத்தையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். அடிப்பக்க மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் “ப” வரும்போதெல்லாம் காற்று மோதி “புப்” என்று கேட்கும். கோப்பு வகை வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒலி அளவு -12 டெசிபெல்லைச் சுற்றி இருக்கட்டும். 0-வைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பேச ஆரம்பிக்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். எடிட்டிங்கில் அது தேவைப்படும்.

களத்துக்குப் போனால் அந்த இடத்தின் ஒலியையும் தனியே ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள். பட்டுப்புழு மனையில் ஐந்தாம் பருவப் புழுவுக்கு இலை போட்டதும், அத்தனை புழுவும் கடிக்கிற சத்தம் ஓலைக் கூரைமேல் தூறல் விழுவது போலவே இருக்கும். தட்டின் ஓரத்தில் மைக்கை வைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எடுங்கள். பத்து வாக்கியம் விளக்கினாலும் கிடைக்காததை அந்த ஒரு நிமிடம் கொடுத்துவிடும்.

10. காலர் மைக் வாங்கினேன். குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. மைக் போச்சா?

பெரும்பாலும் மைக் நன்றாகத்தான் இருக்கும், போன் அதை எடுத்திருக்காது. போயா பிஒய்-எம்1 போன்ற மைக்குகளில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் போன், கேமரா என்று இரண்டு நிலை. போனில் செருகும்போது போன் நிலையில் இருக்க வேண்டும். கேமரா நிலைக்குத்தான் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி தேவை. அடுத்தது பின்: போனுக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் வேண்டும். இரண்டு வளையப் பின்னைப் போட்டால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதியும். சோதிக்க ஒரே வழி, பதிவை ஓடவிட்டு மைக் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுவது. “கரகர” என்று பெரிதாகக் கேட்டால் மைக் வேலை செய்கிறது.

மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுப் புடவை, மொடமொடப்பான சட்டை இரண்டும் உரசும். விருந்தினரிடம் முன்கூட்டியே பருத்தித் துணியில் வரச் சொல்லுங்கள்.

11. எடிட்டிங்ல என்னென்ன பண்ணணும்? நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா குரல் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆயிடுது.

அளவு கூடிப்போனதால்தான். ஆடாசிட்டியில் வரிசை இது. முதலில் வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கழிக்கும் ஹை-பாஸ் ஃபில்டர். லாரி இரைச்சலின் அடிமுழக்கம் இதிலேயே பாதி குறையும். அப்புறம் 9-வது பதிலில் சொன்ன அறை ஒலியில் இரண்டு விநாடியைத் தேர்ந்து நாய்ஸ் புரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுத்து, முழுப் பதிவுக்கும் 6 முதல் 12 டெசிபெல் வரை மட்டும் குறையுங்கள். மீதி இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். லேசான இரைச்சலைக் காது மன்னித்துவிடும், சிதைந்த குரலை மன்னிக்காது.

கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷன், -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு). ஆப்பிள் கேட்கும் அளவு இதுதான். மோனோ (ஒற்றைத் தட) பதிவு என்றால், மோனோவை இரட்டை மோனோவாகக் கருதச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 3 டெசிபெல் கூடுதலாக அலறும். உச்ச அளவு -1 டெசிபெல்லைத் தாண்டாமல் லிமிட்டர் போட்டு, 96 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக எடுங்கள். அரை மணிக்கு 21.6 எம்பி வரும். வெளியூர் விருந்தினரின் குரலை வாட்ஸாப் வாய்ஸ் நோட்டாக வாங்காதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். ரெக்கார்டர் ஆப்பில் பதிந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

12. ஆரம்பத்துல சினிமா பாட்டு பத்து செகண்ட் போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும். பத்து விநாடி வரை, முப்பது விநாடி வரை என்று சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. வரிக்கும் இசைக்கும் தனித்தனி உரிமை, அது ஆக்கியவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. பாரதியார் பாடல் வரிகள் பொதுச்சொத்து, நீங்களே பாடிப் போடலாம். அதே பாடலின் சினிமாப் பதிவைப் போடக் கூடாது.

இணையத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசை நிறையக் கிடைக்கும். பெயர் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிடுங்கள். வணிகம் கூடாது என்றிருந்தால், விளம்பரம் எடுக்கும் நாளில் அந்த இசையை மாற்ற வேண்டிவரும். எங்கள் யோசனை வேறு: உள்ளூர் பம்பைக் கலைஞர் ஒருவரிடம் இருபது விநாடி வாசிக்கச் சொல்லி, கூலி கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் நிகழ்ச்சி எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

13. ஊர்ல கூத்து நடக்குது. ராத்திரி முழுக்க ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடலாமா?

கூத்து வாத்தியாரிடம் கேட்காமல் வேண்டாம். ஊர்ப் பொதுவில், கோயில் முன்னால் நடந்தாலும், தன் நிகழ்த்துதல் மீது கலைஞருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சாயங்காலம் வேஷம் கட்டுவதற்கு முன்பே போய், எங்கே வெளியிடுவீர்கள், பணம் வந்தால் என்ன பங்கு என்று பேசிவிடுங்கள். சம்மதத்தைக் குரலிலேயே பதிந்துகொள்ளலாம்: பெயர், ஊர், தேதி, “இதை வெளியிட எனக்குச் சம்மதம்”. பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும்போதும் இதையே செய்யுங்கள். முடித்த பிறகு வெளியீட்டுக்கு முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

14. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், யூடியூப் எல்லாத்துலயும் தனித்தனியா ஏத்தணுமா?

ஒரே இடத்தில் ஏற்றினால் போதும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம். 3000-க்கு 3000 பிக்ஸல் சதுர அட்டைப்படம் (1400-க்குக் குறைந்தால் ஆப்பிள் ஏற்காது), விவரம், முதல் பகுதி மூன்றையும் கொடுத்து வெளியிடுங்கள். பிறகு அமைப்புகளில் ஃபீடை இயக்கி, அந்த முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்டில் ஒருமுறையும், யூடியூப் ஸ்டுடியோவில் ஒருமுறையும், பாட்காஸ்ட் இன்டெக்ஸில் ஒருமுறையும் கொடுங்கள். அடுத்தடுத்த பகுதிகள் தானாகப் போகும். பலர் ஸ்பாட்டிஃபையோடு நின்றுவிடுகிறார்கள். ஆன்டெனாபாடின் தேடல் முக்கியமாக ஆப்பிள், பாட்காஸ்ட் இன்டெக்ஸ் போன்ற பட்டியல்களை வைத்து நடக்கிறது, எனவே அங்கே அவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

மெயில் ஐடியை நிகழ்ச்சிக்கென்று புதிதாகத் தொடங்கி, கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருங்கள். உரிமையாளர் என்று நிரூபிக்க அந்த மெயிலுக்குத்தான் எண் வரும். கல்லூரி மெயிலைக் கொடுத்துவிட்டுப் படிப்பு முடிந்ததும் நிகழ்ச்சியையே இழந்தவர்கள் உண்டு.

15. தலைப்பு தமிழ்ல வைக்கணுமா, இங்கிலீஷ்லயா? ஓசூர்ல தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் பேசுறோம்.

தலைப்பைத் தமிழில் வைத்து, விவரத்தில் ஒரு வரியை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். 4-வது பதிலில் சொன்னபடி தேடுபவர் இரண்டு விதமாகவும் அடிப்பார். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பேச்சில் கலப்பு இருந்தால் இருக்கட்டும், அதுதான் அந்த ஊர்ப் பேச்சு. ஒருவர் முழுதாகத் தெலுங்கில் பேசினால் மட்டும் பின்னாலேயே தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள்.

“பகுதி 7” என்பது தலைப்பே அல்ல. “புளி உலுக்கும் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது” என்று வையுங்கள். குறிப்பில் பேசியவர் பெயர், ஊர், எந்த நிமிடத்தில் என்ன என்று எழுதுங்கள். 6-வது பதிலில் சொன்ன மாதிரி பகிர்பவருக்கு நீங்களே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறீர்கள்.

16. நூறு பேர் கேட்டேன்னு சொல்றாங்க. ஆனா டவுன்லோட் 30-தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. பொதுவாகப் பின்பற்றும் ஐஏபி (இணைய விளம்பரத் துறை அமைப்பு) விதிப்படி, குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கினால்தான் கணக்கு. 24 மணி நேரத்துக்குள் ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே ஆப்பில் திரும்ப வந்தால் ஒன்றுதான். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கிடுவதால், ஒரே ஆப்பில் கேட்கும் இரண்டு பேர் ஒருவராகவும் கணக்கில் விழலாம். யூடியூப் பார்வைகளும், வாட்ஸாப்பில் அனுப்பிய எம்பி3-யும், 7-வது பதிலின் மெமரி கார்டும் இதில் சேரவே சேராது. எண்ணிக்கையைவிட, எந்த நிமிடத்தில் கேட்பவர்கள் விலகுகிறார்கள் என்ற வரைபடத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் சரிந்தால் அறிமுகம் நீளம் என்று அர்த்தம்.

17. ஹோஸ்டிங் மாத்தினா ஃபாலோ பண்றவங்க எல்லாம் போயிடுவாங்களா?

முறையாக மாற்றினால் ஒருவரும் போக மாட்டார்கள். புதிய இடத்தில் பழைய ஃபீடை இறக்குமதி செய்து, பழைய இடத்தில் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். பழைய கணக்கைக் குறைந்தது 4 வாரமாவது மூடாதீர்கள். எல்லா ஆப்பும் புது முகவரியைப் பிடிக்க நேரம் வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள ஜியூஐடி என்ற அடையாளம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் பழைய பகுதிகள் அத்தனையும் புதிதாக வந்தவை போல எல்லார் போனிலும் மறுபடி இறங்கும்.

18. பழைய எபிசோட்ல சொன்னது இப்ப தப்பாயிடுச்சு. அழிச்சிடலாமா?

அழிக்க வேண்டாம், திருத்துங்கள். உதாரணத்துக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வின் இரும்புக் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். “தமிழ்நாட்டில் இரும்பின் மிகப் பழைய காலம் இதுவே” என்று அப்போது சொன்ன நிகழ்ச்சி அன்றைக்குச் சரி. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பு வெளியானதும் அந்த வாக்கியம் பழையதாகிவிட்டது. மயிலாடும்பாறையின் ஆண்டு மாறவில்லை, “மிகப் பழைய” என்பதுதான் மாறியது.

இப்படி ஆனால் குறிப்பின் முதல் வரியிலேயே தேதியோடு திருத்தத்தை எழுதுங்கள். பெரிய பிழையென்றால், பகுதியின் தொடக்கத்தில் இருபது விநாடித் திருத்தத்தைப் பேசிச் சேர்த்து, அதே பகுதியில் ஒலிக்கோப்பை மட்டும் மாற்றி ஏற்றுங்கள். புதுப் பகுதியாகப் போட்டால் பழைய லிங்க்கைப் பகிர்ந்தவர்கள் அனைவரும் தவறையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களுக்கு மாற்றம் போய்ச் சேராது, ஆகவே அடுத்த பகுதியின் தொடக்கத்திலும் ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள்.